டி-சர்ட்டின் கதையில் துணியைக் காணோமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்கள் உடையில் டி-சர்ட் இடம்பிடித்த விதம் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தோம். ஹாலிவுட் நடிகர்கள், ராக் இசைக்குழுக்கள், வாசகம் அச்சிட்ட சட்டைகள் எல்லாம் அதில் இருந்தன. துணி மட்டும் இல்லை. பின்னல் என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை. திருப்பூருக்கு ஒரே ஒரு வரி. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் இந்தப் பத்திரிகையைக் காலையில் பிரிப்பவர்களில் எத்தனையோ பேர் அடுத்த அரை மணி நேரத்தில் ஓவர்லாக் தையல் மிஷின் முன்னால் போய் உட்காருகிறவர்கள். அவர்கள் கையில் உருவாகும் பொருளின் வரலாற்றை வெறும் சினிமா வரலாறாகச் சொல்லி முடித்தது எங்களுக்குக் குறையாகப் பட்டது. டி-சர்ட் மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் மாறியது நூலோ, மிஷினோ, சாயமோதான். நாகரிகம் அதற்குப் பின்னால் வந்தது. அதை விளக்கவே இந்தக் கடிதம். நீளத்துக்குப் பொறுத்தருள வேண்டும்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். ஜெர்மனிக்குப் போகும் போலோ சட்டையைத் தைத்தாலும் நம் ஊரில் அது 'பனியன் கம்பெனி'தான். அந்தப் பேச்சில் வரலாறு சரியாக உட்கார்ந்திருக்கிறது. குஜராத்தி வணிகரைக் குறித்த சொல் போர்ச்சுக்கீசியர் வாயில் புகுந்து 'பனியன்' ஆனது. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து ஆண்கள் வீட்டில் போட்டுக்கொண்ட தொளதொள அங்கிக்கு அது பெயரானது. கடைசியில் நம் நாட்டில் சட்டைக்குள் போடும் பின்னலாடைக்கு வந்து சேர்ந்தது. டி-சர்ட்டும் சட்டைக்குள்ளிருந்து வெளியே வந்த பனியன்தான்.

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டாக, முன்பக்கம் பொத்தான் வைத்த உள்ளாடை இருந்தது. அதை இடுப்போடு வெட்டி மேல், கீழ் என்று இரண்டாக்கினார்கள். 1904-இல் ஓர் அமெரிக்க உள்ளாடை நிறுவனம், ஊசி நூல் பிடிக்கத் தெரியாத கல்யாணமாகாத ஆண்களுக்கென்று, பொத்தானே இல்லாமல் தலைவழியாக மாட்டும் பனியனை விளம்பரம் செய்தது. 1913 வாக்கில் அமெரிக்கக் கடற்படை அரைக்கை வைத்த வெள்ளைப் பருத்திப் பனியனைச் சீருடைக்குள் போடக் கொடுத்தது. இவ்வளவும் பல இடங்களில் எழுதப்பட்டதுதான். பொத்தான் இல்லாத அந்தச் சிறிய கழுத்துக்குள் தலை எப்படி நுழைந்தது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

தறியில் நெய்த துணியில் நெடுக்கு நூலும் குறுக்கு நூலும் விறைப்பாக ஒன்றையொன்று கோத்துப் பிடித்திருக்கும். அதில் கழுத்துக்கு ஒட்டிய வட்டம் வெட்டினால் தலை நுழையாது. அதனால்தான் நெய்த சட்டைக்குப் பட்டியும் காஜாவும் பொத்தானும் தேவைப்படுகின்றன. பின்னல் துணியில் ஒரே நூல் கொக்கி கொக்கியாக வளைந்து வளைந்து ஓடுகிறது. இழுத்தால் வளைவு நேராகும், விட்டால் மீண்டும் வளையும். வளர்ந்த ஆணின் தலைச் சுற்றளவு 57, 58 சென்டிமீட்டர் இருக்கும். டி-சர்ட்டின் கழுத்துத் தையலோ 48 சென்டிமீட்டர்தான். பத்து சென்டிமீட்டர் இடைவெளியை அந்த வளைவுகள் விரிந்து கொடுக்கின்றன. கழுத்தை ஒட்டிய, பொத்தான் இல்லாத ஆண் சட்டை என்ற எண்ணமே பின்னலிலிருந்து பிறந்தது.

அந்தப் பின்னலுக்குப் பின்னால் முந்நூறு ஆண்டு இயந்திர உழைப்பு இருக்கிறது. 1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் இயந்திரத்தைச் செய்தார். 1840-களின் இறுதியில் மாத்யூ டவுன்சென்ட் நாக்கு வைத்த ஊசிக்கு உரிமை பெற்றார். இன்றைக்கும் நம் நிட்டிங் பட்டறைகளில் ஏறி இறங்கும் ஊசி அதே நாக்கு ஊசிதான். வட்டமாகப் பின்னும் மிஷின் வந்ததும் துணி குழாயாக இறங்கியது. குழாயை உயரத்துக்கு வெட்டி, கை வைத்து, கழுத்து வைத்தால் பனியன். ஆனால் வெட்டிய பின்னல் துணியின் ஓரம் சுருண்டுகொள்ளும், ஒரு கொக்கி விட்டால் ஏணிபோல் பிரிந்துகொண்டே போகும். 1880-களில் அமெரிக்காவில் மெர்ரோ குடும்பத்தார் உருவாக்கிய ஓவர்லாக், ஓரத்தை வெட்டிக்கொண்டே நூலால் சுற்றிக் கட்டியது. அதன் பிறகு வந்த பேட்லாக் தையல் மடிப்பைத் தட்டையாக்கி, உடம்பில் உறுத்தாமல் செய்தது. இந்த இரண்டும் இல்லாமல் டி-சர்ட் இல்லை.

கொங்கு நாட்டுக்கு இது எப்படி வந்தது? இங்கே விளைந்த கம்போடியா பருத்தி, கோவை நூற்பாலைகள், 1930-களில் வந்த பைகாரா மின்சாரம் ஆகிய மூன்றும் அடித்தளம். திருப்பூரில் 1920-களிலேயே பனியன் பின்னல் தொடங்கிவிட்டது. பல பத்தாண்டுகள் இங்கே ஓடியது இரண்டே மாதிரிதான்: கையில்லாத ஆர்.என்., அரைக்கை வைத்த ஆர்.என்.எஸ். இந்த ஆர்.என்.எஸ்.ஸை விரித்துப் போட்டுப் பாருங்கள். வட்டக் கழுத்து, அரைக்கை, பொத்தான் கிடையாது, அப்படியே ஆங்கில எழுத்து 'டி'. அமெரிக்கக் கடற்படைக்காரர் போட்டதும் இதே வடிவம்தான். நம் அப்பாக்களும் தாத்தாக்களும் டி-சர்ட்டைத்தான் சட்டைக்குள் போட்டிருந்தார்கள், பெயர் மட்டும் வேறு.

1978-இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளை டி-சர்ட் தேடி மும்பை வழியாகத் திருப்பூருக்கு வந்தார். 1981-இல் சி அண்ட் ஏ என்ற ஐரோப்பியக் கடை நிறுவனம் வந்தது. அதன் பிறகு நடந்ததை 'ஏற்றுமதி பெருகியது' என்று ஒரு வரியில் முடிக்கிறார்கள். பட்டறைக்குள் மாறியதைச் சொல்ல வேண்டும்.

உள்ளாடைப் பனியன் 40-ஆம் நம்பர் நூலில், மெல்லிசாக, வெள்ளையாக இருக்கும். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு விட்டத்தில் மிஷின் உண்டு. குழாயின் சுற்றளவுதான் மார்பளவு. பக்கத் தையலே கிடையாது. வெளியே போடும் சட்டைக்கு இது போதாது. உள்ளே இருக்கும் உடல் தெரியக்கூடாது, நிறம் வேண்டும், தோளும் இடுப்பும் வடிவாக விழ வேண்டும். நூல் 30-க்கும் 24-க்கும் தடித்தது (நம்பர் குறைந்தால் நூல் தடிக்கும்). பெரிய விட்ட மிஷினில் பின்னி, சாயம் போட்டு, துணியை விரித்து, அளவு அட்டை வைத்து வெட்டி, பக்கவாட்டில் தைத்தார்கள். அந்தப் பக்கத் தையல் வந்ததும் அதுவரை யாருக்கும் தெரியாமலிருந்த ஒரு குறை வெளிச்சத்துக்கு வந்தது. அதைக் கீழே சொல்கிறோம்.

முதலில் நூலும் எடையும். நூல் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளமுள்ள நூல் கட்டு, அதாவது சிட்டம், எத்தனை இருக்கிறது என்ற கணக்கு. 30-ஆம் நம்பர் என்றால் முப்பது சிட்டம். அதனால் நம்பர் கூடக்கூட நூல் மெலியும். 24 கேஜ் மிஷின் என்றால் ஓர் அங்குலத்துக்கு 24 ஊசி. 30 அங்குல விட்டம் கொண்ட அந்த மிஷினில் சுற்றிலும் சுமார் 2,260 ஊசிகள் இருக்கும். 30-ஆம் நம்பர் நூலை அதில் ஓட்டினால் ஒரு சதுர மீட்டருக்கு 140 முதல் 150 கிராம் வரை துணி வரும், 24-ஆம் நம்பரில் 170, 180. இதைத்தான் ஜி.எஸ்.எம். என்கிறோம். வட்டக் கத்தியால் 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டி, தராசில் வைத்து, வந்த கிராமை நூறால் பெருக்கினால் கிடைத்துவிடும். அரை நிமிட வேலை.

ஒரு சட்டைக்கு எவ்வளவு துணி ஆகும்? உடல் நீளம் 72 சென்டிமீட்டர், கை நீளம் 22, மடிப்புக்கும் தையலுக்கும் 10, ஆக 104. அரை மார்பு 54, தையலுக்கு 2, ஆக 56. இரண்டையும் பெருக்கி, முன் பின் என்று இரட்டித்தால் 11,648 சதுர சென்டிமீட்டர். 180 ஜி.எஸ்.எம். துணியில் இது 210 கிராம். கட்டிங் வேஸ்ட் பத்து சதவீதம் சேர்த்தால் 230 கிராம். 140 ஜி.எஸ்.எம்.முக்கு இதே கணக்கில் 180 கிராம்தான். ஒரு சட்டைக்கு 50 கிராம் துணி மிச்சம். விலை குறைந்த சட்டையில் அந்த 50 கிராம்தான் முதலில் காணாமல் போகிறது. வாங்குகிறவருக்குத் தொட்டுப் பார்த்தால் தெரியாது. சிலிக்கான் சாஃப்ட்னரைத் தாராளமாக விட்டால் மெல்லிய துணியும் பட்டுப்போல வழுக்கும், கனமாகவும் தோன்றும். நாலு துவையலில் அது போய்விடும்.

நூலில் இன்னொரு வேறுபாடும் உண்டு. பஞ்சைச் சீவி, 12 முதல் 18 சதவீதம் வரை குட்டை இழைகளை நீக்கிவிட்டு நூற்பது கோம்டு நூல். நீக்காமல் நூற்பது கார்டட். குட்டை இழை இருந்தால் முனைகள் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டு, உராய்ந்து, உருண்டையாகத் திரளும். அக்குளிலும் வயிற்றுப் பகுதியிலும் சட்டை பொரிப்பொரியாக ஆவதற்கு இதுதான் காரணம், துவைத்தவரின் தவறு அல்ல. பயோவாஷ் என்று செய்வது இந்த நீட்டிய முனைகளை என்சைம் கொண்டு அறுப்பது. சற்றே அமிலத் தன்மையுள்ள தண்ணீரில், 50–55 டிகிரியில், முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். துணியின் எடையில் மூன்று, நான்கு சதவீதம் குறையும். நேரம் கூடிவிட்டால் துணியே வலுவிழக்கும். கார்டட் துணியைப் பயோவாஷால் கோம்டாக்கிவிட முடியாது, கொஞ்ச நாள் அப்படிக் காட்டலாம்.

இப்போது அந்தக் குறை. புது டி-சர்ட்டை இரண்டு முறை துவைத்த பிறகு பக்கத் தையல் ஒன்று வயிற்றுப் பக்கமும் மற்றொன்று முதுகுப் பக்கமும் திரும்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். டெய்லர் கோணலாகத் தைத்துவிட்டார் என்று நினைக்கிறார்கள். டெய்லருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, முறுக்கேற்றிய ஒற்றை நூல் எப்போதும் முறுக்கவிழப் பார்க்கும். தண்ணீர் பட்டதும் அதற்கு வாய்ப்புக் கிடைக்கிறது. ஒவ்வொரு கொக்கியும் கொஞ்சம் சாய்கிறது, எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன. இரண்டு, மிஷினின் கணக்கு. 30 அங்குல மிஷினில் ஊசிக்கு நூல் ஊட்டும் 90 ஃபீடர் வழியாக 90 நூல்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒரு சுற்று முடிந்தால் 90 குறுக்கு வரிசை ஏறிவிடும். ஒரு சென்டிமீட்டரில் சுமார் 20 வரிசை என்றால், ஒரு சுற்றுக்குள் துணி நாலரை சென்டிமீட்டர் படியேறிவிட்டது. குழாய்த் துணி பிறக்கும்போதே சாய்ந்துதான் பிறக்கிறது.

பக்கத் தையல் இல்லாத பழைய பனியனிலும் இந்தத் திருகல் இருந்தது. காட்டிக்கொடுக்கத்தான் தையல் இல்லை. ஏற்றுமதி தொடங்கிய காலத்தில் இதைச் சரிசெய்யத்தான் பட்டறைகள் பெரிதும் பாடுபட்டன. நூலுக்கு முறுக்கு குறைக்க வேண்டும். வலமுறுக்கு நூலையும் இடமுறுக்கு நூலையும் மாற்றி மாற்றி ஓட்டலாம், ஆனால் முட்டுவழிச் செலவு கூடும். ஃபீடர் எண்ணிக்கையைக் குறைக்கலாம், உற்பத்தி விழும். துணியை நெடுக்காக ஓடும் ஊசி வரியின் மேலேயே கீறி விரித்து, இரு ஓரமும் பிடித்து உலர்த்தும் ஸ்டெண்டர் மிஷினில் நேராக்கலாம். இதையெல்லாம் செய்யாமல், ஈரத் துணியைக் கையால் இழுத்து நேராக்கி அயர்ன் செய்து அனுப்புகிறவர்கள் உண்டு. கடையில் நேராக இருக்கும், முதல் துவையலில் தன் பழைய இடத்துக்குப் போய்விடும். வாங்குகிறவர்கள் ஒன்று செய்யலாம். சட்டையை வெளிச்சத்தில் பிடித்து, நெடுக்காக ஓடும் ஊசி வரியைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். அது பக்கத் தையலோடு இணையாகக் கீழ்வரை இறங்க வேண்டும். விளிம்புக்கு வரும்முன் தையலை வெட்டிக்கொண்டு போனால் அந்தச் சட்டை திருகும்.

சுருக்கம் இன்னொரு பாடு. 'துவைச்சாச் சுருங்குமாங்க?' என்பதுதான் திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளில் வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி. சுருங்காத பருத்திப் பின்னல் கிடையாது. எவ்வளவு என்பதுதான் கேள்வி. பின்னும்போதும், சாயத்தொட்டியிலும், உலர்த்தும்போதும் துணி நெடுக்காக இழுபட்டுக்கொண்டே வருகிறது. அந்த இழுப்பை எடுக்காமல் தைத்தால் வீட்டு வாளியில் அது வெளியே வரும். நீளம் குறைந்து அகலம் கூடி, சட்டை குட்டையாகவும் தொளதொளவென்றும் ஆகும். காம்பாக்டிங் மிஷின், துணியை நீராவியில் நனைத்து, பின்னாலிருந்து தள்ளி, கொக்கிகளை நெருக்கி உட்கார வைக்கிறது. ஒழுங்காகச் செய்தால் மிச்சச் சுருக்கம் ஐந்து சதவீதத்துக்குள் நிற்கும், செய்யாவிட்டால் நீளத்தில் பத்து சதவீதத்தையும் தாண்டும். 72 சென்டிமீட்டர் சட்டையில் பத்து சதவீதம் என்றால் ஏழு சென்டிமீட்டர், அதாவது கையைத் தூக்கினால் வயிறு தெரியும். காம்பாக்டிங் முடிந்த துணியையும் ரோலிலிருந்து பிரித்து ஒரு நாள் தளரவிட்டுத்தான் வெட்ட வேண்டும். லைக்ரா என்ற இழுபடும் நூல் கலந்த துணிக்கு இது கட்டாயம். ஷிப்மென்ட் அவசரத்தில் முதலில் பலியாவது இந்த ஒரு நாள்தான்.

கழுத்துக்கு வருவோம். ஒரு டி-சர்ட்டின் தரத்தை அளக்க எங்களுக்கு ஒரே ஓர் இடத்தைப் பார்க்க அனுமதி கிடைக்குமென்றால் கழுத்துப் பட்டியைத்தான் பார்ப்போம். உடம்புத் துணி சிங்கிள் ஜெர்ஸி என்ற சாதாரண ஒற்றைப் பின்னல், கழுத்துக்கு ஒன்றுக்கு ஒன்று ரிப். ரிப்பில் ஒரு வரி முன்பக்கமும் அடுத்த வரி பின்பக்கமும் விழுவதால் துருத்திபோல விரிந்து சுருங்கும். அதோடு நான்கு, ஐந்து சதவீதம் லைக்ரா இருந்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். லைக்ரா இல்லாத ரிப் பத்துத் துவையலில் தளர்ந்து, அலை அலையாக எழும்பி, கழுத்தெலும்புக்குக் கீழே தொங்கும்.

ரிப் நல்லதாக இருந்தும் கெடுகிற இடம் தையல். கழுத்துத் தையல் 48 சென்டிமீட்டர் என்றால் ரிப் வளையத்தை அதில் 85 சதவீதத்துக்கு, அதாவது 41 சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டி, இழுத்து வைத்துத் தைக்க வேண்டும். 90 சதவீதத்துக்கு மேலே போனால் கழுத்து உடம்போடு ஒட்டாமல் எழும்பி நிற்கும். 75-க்குக் கீழே போனால் சட்டைத் துணி கழுத்தைச் சுற்றிச் சுருக்கம் சுருக்கமாக மடியும். அந்த இழுப்பும் சுற்றிலும் ஒரே அளவாக இருக்கக்கூடாது. முன்கழுத்து வளைவில் அதிகமாகவும் பின்கழுத்தில் குறைவாகவும் இழுக்க வேண்டும். இதை எந்த மிஷினும் தானாகச் செய்வதில்லை. ஓவர்லாக் டெய்லரின் இடது கை விரல்கள் செய்கின்றன. நாளெல்லாம் நூற்றுக்கணக்கான கழுத்துகளை ஒரே இழுப்பில் வைப்பது பெரிய கைத்திறன். தங்கள் கட்டுரையில் எங்கள் ஊரைப் பற்றி ஒரே ஒரு படம்தான் போட முடியும் என்றால் அந்த விரல்களைப் போட்டிருக்கலாம்.

கழுத்துக்குப் பின்னால், தோளிலிருந்து தோள் வரை உள்ளே ஒரு பட்டை தைத்திருப்பார்கள். லேபிள் வைக்கும் இடம் என்று நினைக்க வேண்டாம். ஓவர்லாக் தையல் கழுத்தை உறுத்தாமல் மூடுவதும், சட்டையைக் கழற்றும்போது பின்கழுத்து நீண்டுவிடாமல் பிடிப்பதும் அதன் வேலை. தோள் தையலுக்குள் ஒரு டேப் ஓட வேண்டும். இல்லாவிட்டால் சட்டையின் எடையே தோளை இழுத்துக் கையின் மேல் இறக்கிவிடும். கீழ் விளிம்பு பேட்லாக்கில் அங்குலத்துக்கு 12 தையல் போதும். பேட்லாக் சங்கிலித் தையல் என்பதால் முடியும் இடத்தில் ஓர் அங்குலம் ஏறித் தைக்காவிட்டால் நுனி நூலைப் பிடித்து இழுத்ததும் மொத்தமும் உருவிக்கொண்டு வரும். உருண்ட முனை ஊசிதான் போட வேண்டும், 9 அல்லது 11-ஆம் நம்பர். முனை தேய்ந்து பிசிறிய ஊசி கொக்கிகளுக்கு நடுவே நுழையாமல் நூலையே அறுத்துவிடும். செக்கிங்கில் தெரியாது. முதல் துவையலில் தையலோரம் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள் வரிசையாகத் தெரியும். வீட்டில் 'பூச்சி அரித்துவிட்டது' என்பார்கள்.

சாயத்தைப் பற்றிச் சொல்லாமல் கொங்கு நாட்டில் டி-சர்ட் வரலாறு எழுத முடியாது. பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் உப்பு வேண்டும், நிறத்தின் ஆழத்துக்கேற்ப லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை. பிறகு சோடா ஆஷ், 60 டிகிரி சூடு, கடைசியில் கொதிக்கும் அளவு சூட்டில் சோப்பு வாஷ். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் சாயத் தண்ணீர், லிட்டருக்கு 60 கிராம் என்று கணக்கிட்டால் கிலோவுக்கு 480 கிராம் உப்பு. முன்பு சொன்ன 230 கிராம் சட்டைக்கு 110 கிராம். ஒரு கைப்பிடி உப்பு. அது துணியில் தங்குவதில்லை, முழுவதும் தண்ணீரோடு வெளியேறுகிறது. அந்தத் தண்ணீர் ஆண்டுக்கணக்கில் நொய்யலில் போய், ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் கிணறுகளையும் தோட்டங்களையும் பாழாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகுதான் ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறை இங்கே கட்டாயமாக வேரூன்றியது. சவ்வு வழியே தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தை ஆவியாக்கி, உப்பையும் மீட்டெடுக்கிறார்கள். அதற்கான மின்சாரமும் விறகும் சாயக் கூலியில் சேர்கின்றன. நூறு ரூபாய்க்கு அடர் நிற டி-சர்ட் எப்படிக் கிடைக்கிறது என்று கேட்பவர்கள், அந்த உப்புத் தண்ணீர் எங்கே போனது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அச்சு பற்றித் தங்கள் கட்டுரை நிறையவே சொல்லியிருந்தது. 1942 ஜூலையில் 'லைஃப்' இதழின் அட்டையில் வான்படைப் பயிற்சிப் பள்ளியின் பெயர் அச்சிட்ட டி-சர்ட்டோடு ஒரு வீரர் வந்ததும், 1948 அமெரிக்கத் தேர்தலில் அதிபர் வேட்பாளர் டூயி தரப்பு வாசகச் சட்டை அச்சிட்டதும் சரியான தகவல்கள். மார்லன் பிராண்டோவும் ஜேம்ஸ் டீனும் 1950-களில் திரையில் போட்டதும் உண்மை. ஆனால் போரிலிருந்து திரும்பிய லட்சக்கணக்கான ஆண்கள் ஏற்கெனவே அதை வெளியில் போட்டுப் பழகியிருந்தார்கள். அச்சு பெருகியதற்குக் காரணம் பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் மை. சூடு காட்டும்வரை காயாது, அதனால் அச்சுத் திரையின் கண்களை அடைக்காது. துணி இழுபட்டால் கூடவே இழுபடும். தேர்தல் வந்தால் திருப்பூர் பிரிண்டிங் பட்டறைகளில் எல்லாக் கட்சிச் சின்னமும் பக்கத்துப் பக்கத்து டேபிளில் அச்சாகும்.

அச்சு வெடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மை அல்ல, சூடு. பிளாஸ்டிசால் மையின் அடிவரை 160 டிகிரி ஏற வேண்டும். மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். அச்சை இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். விரிசல் விட்டால் வேகவில்லை என்று பொருள். இப்போது பரவியிருக்கும் டி.டி.எஃப்.பில் படத்தைப் பிலிமில் அச்சிட்டு, பசைத் தூள் தூவி உருக்கி, துணியில் வைத்து 150–160 டிகிரியில் 10–15 விநாடி அழுத்துகிறார்கள். பத்து பீஸுக்கும் ஆர்டர் எடுக்க முடிகிறது. ஆனால் மார்பை மூடும் பெரிய படத்துக்கு அது ஏற்றதல்ல, காற்றுப் புகாமல் வியர்வை கட்டும். சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கி ஏற்றும் சப்ளிமேஷன் அச்சு பாலியஸ்டரில்தான் பிடிக்கும். பருத்தியில் அடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வடிவ மாற்றங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். போலோ சட்டை டென்னிஸிலிருந்து வந்தது. பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்த் 1920-களில் நீளக்கைச் சட்டையை ஒதுக்கிவிட்டு அரைக்கைப் பின்னல் சட்டையில் ஆடினார், 1933-இல் நிறுவனம் தொடங்கினார். அதன் பிகே துணியில் சில கொக்கிகளை முடிக்காமல் அடுத்த வரிசையோடு சேர்த்துப் பின்னுவதால் தேன்கூடுபோலக் குழி விழுந்து, உடம்பில் ஒட்டாமல் காற்றோடும். கழுத்து வரை சாய்வாக ஏறும் ராக்லன் கை, வாட்டர்லூ போரில் ஒரு கையை இழந்த ராக்லன் பிரபுவின் பெயரால் வழங்குகிறது. காலர் இல்லாமல் மூன்று பொத்தான் வைத்த ஹென்லி, தேம்ஸ் நதிக்கரைப் படகோட்டிகள் போட்டது. இன்றைய இளைஞர்கள் விரும்பும் தோள் இறங்கிய பெரிய சட்டைக்கு 220, 240 ஜி.எஸ்.எம். வேண்டும். 150-இல் தைத்தால் உடம்பில் துவண்டு விழுமே தவிர, அந்தப் பெட்டி வடிவம் நிற்காது. இங்கேயும் துணிதான் முதலில். தோளை இறக்கிவிட்டு அட்டையில் கையின் உயரத்தைக் குறைக்காத கட்டிங் மாஸ்டரின் சட்டை அக்குளில் கற்றையாக மடிந்து நிற்கும்.

வாசகர்களுக்கு இரண்டே பராமரிப்புச் சொற்கள். உள்ளே வெளியாகத் திருப்பித் துவைத்து, கொடியில் நடுவாக மடித்து நிழலில் போடுங்கள். ஈரச் சட்டையை ஹேங்கரில் தொங்கவிட்டால் ஒரே இரவில் கழுத்தும் தோளும் நீண்டுவிடும்.

தங்களிடம் எங்கள் வேண்டுகோள்: ஆண்கள் உடை பற்றிய அடுத்த கட்டுரைக்குச் செய்தியாளரை ஒரு நாள் நிட்டிங் பட்டறைக்கும், ஒரு நாள் சாயப்பட்டறைக்கும், ஒரு நாள் கட்டிங் டேபிளுக்கும் அனுப்புங்கள். உள்நாட்டுச் சந்தைக்குத் தைக்கும் நம் உற்பத்தியாளர்களுக்கும் தங்கள் வழியாக ஒரு வேண்டுகோள். கழுத்து லேபிளில் அளவுக்குப் பக்கத்திலேயே ஜி.எஸ்.எம்., நூல் கோம்டா கார்டடா, துவைத்தால் எத்தனை சதவீதம் சுருங்கும் என்ற மூன்றையும் அச்சிடுங்கள். வெளிநாட்டு பையருக்கு அனுப்பும் ஒவ்வொரு ஆர்டருக்கும் இந்த மூன்றையும் சோதித்து எழுதித்தான் கொடுக்கிறோம். பல்லடத்திலும் பெருந்துறையிலும் வாங்குகிறவருக்கும் அதே மூன்று எண்கள் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
பின்னல், சாயம், தையல் துறைகளில் பணிபுரியும் வாசகர்கள் சிலர்,
திருப்பூர்.